பிக்காடிலி (1929): பார்ப்பவர்களும் திரையிடுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டன் இரவு விடுதி ஒன்றைக் களமாகக் கொண்ட பிரிட்டிஷ் மௌனப் படம் ‘பிக்காடிலி’. இயக்கியவர் ஜெர்மானியரான இ. ஏ. டூபாண்ட். அன்னா மே வாங், கில்டா கிரே, ஜேம்சன் தாமஸ் நடித்தது. முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் கேட்பவை முதலில் வருகின்றன; பிலிம் சொசைட்டியிலோ கல்லூரியிலோ திரையிடுபவர்களுக்கானவை பிற்பகுதியில் இருக்கின்றன. கதையில் ஒரு கொலை உண்டு; செய்தவர் யார் என்பதை இந்தப் பதில்களில் எங்கும் சொல்லவில்லை.

கதை என்ன?

வாலண்டைன் வில்மட் என்பவர் பிக்காடிலி கிளப்பின் முதலாளி. அவருடைய கிளப்புக்குக் கூட்டம் வருவது விக், மேபெல் என்ற நடன ஜோடிக்காக. விக்குக்கு மேபெல் மீது ஆசை; மேபெலின் மனம் முதலாளியிடம் இருக்கிறது. ஒரு மோதலுக்குப் பின் விக் வெளியேற, கூட்டம் குறைகிறது. மக்கள் பார்க்க வந்தது அவனைத்தான் என்பது அப்போதுதான் தெரிகிறது. கிளப்பைக் காப்பாற்ற வில்மட் ஒரு முடிவெடுக்கிறார். பாத்திரம் கழுவும் அறையில் வேலை செய்தவள், வேலை நேரத்தில் ஆடியதற்காக அவரே விரட்டியடித்தவள் ஷோஷோ. அவளை மேடையேற்றுகிறார். ஒரே இரவில் அவள் புகழ் பெறுகிறாள். பிறகு வில்மட், மேபெல், ஷோஷோ, அவளுடைய சீன நண்பன் ஜிம் ஆகிய நால்வருக்கும் நடுவே பொறாமை மூள்கிறது. அது ஒரு கொலையில் போய் நிற்கிறது.

கதாநாயகி யார், கில்டா கிரேயா அன்னா மே வாங்கா?

விளம்பரத்தில் முதல் பெயர் கில்டா கிரேயுடையது. போலந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். தோளையும் உடம்பையும் குலுக்கி ஆடும் ‘ஷிம்மி’ ஆட்டத்தால் பெரும்புகழ் பெற்றவர். படம் அன்னா மே வாங்குடையது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மேபெல் மேடையில் ஆடும்போது நாம் ஆட்டத்தைப் பார்க்கிறோம். ஷோஷோ சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவள் என்ன நினைக்கிறாள் என்று தேடுகிறோம். மற்றவர்கள் புருவத்தாலும் கையாலும் நடிக்க, வாங் பல காட்சிகளில் முகத்தை அசைக்காமல் கண் இமையை மட்டும் தாழ்த்தி உயர்த்துகிறார். இன்றைய பார்வையாளருக்கு அந்த அடக்கம்தான் புதுமையாகத் தெரியும்.

வாங் 1905-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். பெற்றோர் சலவைக்கடை நடத்தினார்கள். 1922-ல் வந்த ‘தி டோல் ஆஃப் தி சீ’ அவருடைய முதல் முக்கியப் பாத்திரம். 1924-ன் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ அவரை உலகறியச் செய்தது. ஆனாலும் ஹாலிவுட் அவருக்குத் தந்தவை அடிமைப்பெண்ணும் சதிகாரியும்தான். அதில் சலித்து 1928-ல் ஐரோப்பா போனார்.

அழுக்குத் தட்டுக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

படத்தின் திறவுகோலே அதுதான். மேலே விளக்கொளியில் ஆட்டம் நடக்கிறது. ஒரு மேசையில் தனியாகச் சாப்பிடும் பருத்த மனிதர் தன் தட்டில் கறை இருப்பதைக் கண்டு சத்தம் போடுகிறார். அதைச் செய்தவர் சார்லஸ் லாட்டன். அவர் நடித்த முதல் முழுநீளப் படம் இது. திரையில் சில நிமிடங்கள்தான் இருக்கிறார். தட்டைத் தூக்கிப் பிடித்து, வாய் நிறையச் சோற்றோடு அவர் காட்டும் அருவருப்பு ஆட்டத்தையே கலைத்துவிடுகிறது. நான்கே ஆண்டுகளில், எட்டாம் ஹென்றி மன்னராக நடித்து ஆஸ்கர் வாங்கப் போகிறவர் அவர்.

இனி வில்மட்டின் நடையைக் கவனியுங்கள். கறைக்குப் பொறுப்பு யார் என்று தேடிச் சமையலறைக்குப் போகிறார். சமையலறை, பாத்திரம் கழுவுபவர்களைக் கைகாட்டுகிறது. ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் பழி ஒரு படி கீழே இறங்குகிறது. கூடவே வெளிச்சம் குறைகிறது, நீராவி கூடுகிறது, தரை ஈரமாகிறது. கடைசிக் கதவைத் திறந்தால், கழுவுபவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மேசை மேல் ஆடும் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேமரா முதலில் காட்டுவது அவள் முகத்தை அல்ல, கால்களை. காலுறையில் இழை விட்டுப்போன கிழிசல் தெரிகிறது. அங்கிருந்து மெல்ல மேலே ஏறுகிறது.

தட்டில் கறை இருந்தது ஏன் என்பதற்கு அங்கே பதில் கிடைத்துவிடுகிறது. கழுவ வேண்டியவர்கள் கலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதாவது மேலே காசு கொடுத்துப் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பதைவிடச் சிறந்த ஆட்டம், சோடா நுரைக்கும் எச்சில் தட்டுக்கும் நடுவே, காசில்லாமல் நடக்கிறது. அதைக் கண்டபிறகு ‘யார் மேலே, யார் கீழே’ என்பதைத் தவிர இந்தப் படத்துக்கு வேறு விஷயம் இல்லை. காதல், பொறாமை, கொலை எல்லாம் அந்தப் படிக்கட்டில் ஏறுவதாலும் இறங்குவதாலும் வருபவை. இரண்டாம் முறை பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியிலும் யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் அண்ணாந்து பார்க்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும், படம் வேறாகத் திறக்கும்.

சமையலறை விவரங்கள் இவ்வளவு துல்லியமாக இருப்பது எப்படி?

கதை எழுதியவர் ஆர்னால்ட் பென்னட். ஆங்கில நாவலாசிரியர்களில் பெரிய ஹோட்டல்களின் உள்வேலைகளை அவர் அளவுக்குக் காதலித்தவர் குறைவு. 1902-ல் ‘தி கிராண்ட் பாபிலோன் ஹோட்டல்’ எழுதியவர். 1930-ல் ‘இம்பீரியல் பேலஸ்’ என்று மறுபடியும் ஒரு ஹோட்டலையே நாவலாக்கியவர். இவர் பெயரில் சவாய் ஹோட்டலில் ஒரு ஆம்லெட்டே உண்டு: புகையூட்டிய மீன், பாலாடைக்கட்டி, கிரீம் சேர்த்தது. ஒரு தட்டின் கறை எத்தனை பேர் கைமாறி முதலாளி வரை போகும் என்பது அப்படிப்பட்டவருக்குத்தான் தெரியும்.

இங்கே கேபரே என்றால் என்ன? நம் பழைய படங்களில் வரும் கிளப் டான்ஸ் போலவா?

நம் படங்களில் கேபரே என்றால் வில்லனின் கூடாரத்தில் வரும் ஒரு பாட்டு. லண்டனில் 1920-களில் அது ஒழுங்கான ஒரு வியாபாரம். விருந்தினர் மாலை உடையில் வந்து இரவு உணவு சாப்பிடுவார்கள். நடுவே உள்ள தளத்தில் தாங்களே ஜோடியாக ஆடுவார்கள். இடையிடையே தளத்தைக் காலி செய்துவிட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் நிகழ்ச்சி நடக்கும். வருமானம் சாப்பாட்டிலும் மதுவிலும். ஆட்டம் என்பது ஆளை வரவழைக்கும் ஈர்ப்பு. ஆட்டக்காரர் போனால் மேசைகள் காலியாகும். வில்மட்டுக்கு நேர்வது அதுதான். மது விற்கும் நேரத்தை 1921-ம் ஆண்டு உரிமச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்ததால் இந்த விடுதிகள் எப்போதும் போலீஸ் பார்வையில் இருந்தன. ஜெரார்ட் தெருவில் ‘43 கிளப்’ நடத்திய கேட் மெய்ரிக் பலமுறை சிறை சென்றவர். வில்மட்டின் கிளப் அந்த ரகமல்ல. மரியாதைக்குரியது, அந்த மரியாதையைக் காப்பாற்றப் படாதபாடு படுவது.

இவ்வளவு பெரிய கிளப் உண்மையில் இருந்ததா?

படத்தில் தெரிவது எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போட்ட அரங்கம். கலை இயக்குநர் ஆல்ஃபிரட் யுங்கே. வளைந்திறங்கும் படிக்கட்டுகளும் இரண்டு அடுக்கும் அவர் வடிவமைப்பு. படி கட்டியதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. ஆட்டக்காரி மேலிருந்து இறங்கி வர வேண்டும், பார்ப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பின்னாளில் ‘பிளாக் நார்சிஸஸ்’ படத்துக்கு, இமயமலை மடத்தை ஸ்டூடியோவுக்குள்ளேயே எழுப்பி ஆஸ்கர் வாங்கியவரும் இவர்தான்.

பிரிட்டிஷ் படத்தில் ஏன் இத்தனை ஜெர்மானியர்கள்?

1927-ம் ஆண்டுத் திரைப்படச் சட்டம், திரையரங்குகள் குறிப்பிட்ட பங்கு பிரிட்டிஷ் படங்களைக் காட்டியே ஆக வேண்டும் என்றது. தொடக்கத்தில் 5 சதவீதம், படிப்படியாக 20 வரை. அமெரிக்கப் படங்களின் ஆதிக்கத்தை உடைப்பதற்கான சட்டம் அது. பலர் அதைக் கணக்குக் காட்ட மலிவான படங்களை எடுத்துத் தள்ளினார்கள். ஜான் மாக்ஸ்வெல்லின் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் வேறு வழியில் போனது. ஐரோப்பா முழுதும் விற்கக்கூடிய படம் வேண்டும் என்று பெர்லினிலிருந்து ஆட்களை வரவழைத்தது. மௌனப் படத்துக்கு மொழித்தடை இல்லை. காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளை மாற்றினால் எந்த நாட்டிலும் ஓடும்.

டூபாண்ட் அப்போது 1925-ல் எடுத்த ‘வாரியெட்டே’ படத்தால் உலகப்புகழில் இருந்தார். சர்க்கஸ் ஊஞ்சலோடு கேமராவையும் ஆடவிட்ட படம் அது. 1928-ல் இதே நிறுவனத்துக்கு ‘மூலான் ரூஜ்’ எடுத்தார். அதற்கும் ஒளிப்பதிவு வெர்னர் பிராண்டெஸ், அரங்கம் யுங்கே. அதே அணி சில மாதங்களில் ‘பிக்காடிலி’யில் இறங்கியது.

ஒளிப்பதிவில் எதைக் கவனிக்கலாம்?

தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் தனி அட்டையில் வராது. பிக்காடிலி சர்க்கஸில் ஓடும் பேருந்துகளின் பக்கவாட்டு விளம்பரப் பலகைகளில் ஒவ்வொரு பெயராக வந்து போகும். தாமதமாக உள்ளே நுழைபவர்கள் இழப்பது இதைத்தான். ஆகவே கதவை நேரத்துக்கு மூடுங்கள்.

பிறகு ஒளி. கிளப்பில் ஒளி மேலிருந்து பரவி விழுகிறது, எல்லா முகமும் பளிச்சென்று இருக்கும். ஷோஷோவின் இருப்பிடத்தில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரும், பாதி முகம் நிழலில் கிடக்கும். அலுவலகத்தில் இரண்டும் கலந்தது. அங்கேதான் பேரங்கள் நடக்கின்றன. கேமரா அடிக்கடி நகர்கிறது, ஆனால் நகரும்போதெல்லாம் யாரோ யாரையோ தேடும் பார்வையாகவே நகர்கிறது.

ஷோஷோ மேடையில் அணியும் உடை சீன உடையா?

இல்லை. கூர்முடியும் தோளில் நிமிரும் கவசமும் சயாம், பாலி நடனங்களை நினைவூட்டுபவை. ‘கீழ்த்திசை’ என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்த லண்டன் ரசனைக்காகத் தைத்தது அது. ஷோஷோவுக்கும் அது தெரிந்திருக்கும் என்பதுபோலவே வாங் நடிக்கிறார்.

உடை வாங்கும் காட்சி படத்தின் ரத்தினம். வில்மட் தன் விருப்பப்படி உடை தைத்துத் தர நினைக்கிறார். அவளோ, கிழக்கு லண்டனின் சீனக் குடியிருப்பான லைம்ஹவுஸில் ஒரு கடையில் இருக்கிறது, அதுதான் வேண்டும் என்கிறாள். விலை அதிகம்; அவள் விடவில்லை. உடையைப் போட்டுக் காட்டுவது யார் தெரியுமா? ஜிம். பெண்ணின் ஆட்ட உடையை ஓர் ஆண் அணிந்து நிற்க, முதலாளி சங்கடத்தோடு பார்க்க, அவள் ரசித்துச் சிரிக்கிறாள். அடுத்து, வாத்தியம் வாசிப்பவனாக ஜிம்மையும் சேர்த்துக்கொண்டால்தான் ஆடுவேன் என்கிறாள். நேற்றுத் தட்டுக் கழுவியவள் இன்று உடை, கூலி, துணை வாசிப்பு என்று மூன்றையும் தன் வாயால் முடிவு செய்கிறாள்.

ஒப்பந்தத்தில் அவள் என்ன கையெழுத்திடுகிறாள்?

சீன எழுத்தில் இடுகிறாள். அந்த எழுத்துகள் பாத்திரத்தின் பெயரல்ல, வாங்கின் சொந்தச் சீனப் பெயர்: வாங் லியூ சோங். அன்றைய பார்வையாளரில் பெரும்பாலோருக்கு அது வெறும் அலங்கார எழுத்து. படிக்கத் தெரிந்தவர்களுக்கு, விளம்பரத்தில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ஒருத்தி படத்துக்குள் தன் பெயரைப் பதித்துவிட்டுப் போனது தெரியும்.

லைம்ஹவுஸ் எங்கே இருக்கிறது? படத்தில் அதற்கு ஏன் இவ்வளவு இடம்?

லண்டனின் கிழக்கே, கப்பல்துறையை ஒட்டிய பகுதி. பென்னிஃபீல்ட்ஸ், லைம்ஹவுஸ் காஸ்வே என்ற இரண்டு தெருக்களைச் சுற்றிச் சீன மாலுமிகளின் சிறு குடியிருப்பு இருந்தது: உணவுக்கடை, சலவைக்கடை, தங்கும் விடுதி. ஆள் தொகை சொற்பம். நாளிதழ்கள் அதை அபினியும் மர்மமும் நிறைந்த இருட்டுலகமாக ஊதிப் பெருக்கின. 1918-ல் நடிகை பில்லி கார்ல்டன் இறந்தபோதும், 1922-ல் ஆட்டக்காரி ஃபிரீடா கெம்ப்டன் இறந்தபோதும் போதைப்பொருள் வழக்குகளில் சீனர்களின் பெயர் அடிபட்டது. அந்தப் பீதியின் மேல்தான் இந்தப் படம் நிற்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்கிறது, கேள்வி கேட்கவும் செய்கிறது.

கேள்வி கேட்கும் இடம் மதுக்கடைக் காட்சி. ஷோஷோ வில்மட்டைத் தன் பகுதிக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஒரு வெள்ளைப் பெண் கறுப்பின ஆணோடு ஆட, கடைக்காரர் பாய்ந்து வந்து தடுக்கிறார், சண்டை மூள்கிறது. வில்மட்டும் ஷோஷோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தங்களுக்கும் இதே சட்டம்தான் என்பது இருவருக்கும் புரிகிறது. சற்று நேரம் கழித்து அவள் வீட்டில் இருவரும் நெருங்கும்போது உதடு சேரும் முன் காட்சி வெட்டப்படுகிறது. முத்தத்தை ஏன் காட்டவில்லை என்று பலர் கேட்பார்கள். காட்ட முடியாத காரணத்தைப் படமே மதுக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டது.

அப்படியானால் இது இனவெறிப் படமா?

கதைக் கட்டமைப்பில் அந்தப் பழைய சட்டகம் இருக்கிறது: வெள்ளைக்கார ஆணை மயக்கும் கீழ்த்திசைப் பெண், அதற்கு அவள் தரும் விலை. அதை மறைத்துப் பேசத் தேவையில்லை. ஐரோப்பிய விளம்பரச் சுவரொட்டி ஒன்று வாங்கை மேலாடையில்லாமல் வரைந்திருக்கிறது. படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஆனால் சட்டகத்துக்குள் நடப்பது வேறு. ஷோஷோவின் ஆசை, கணக்கு, குறும்பு, கொடுமை எல்லாம் அவளுடைய சொந்தமாகக் காட்டப்படுகின்றன. யாருக்கும் அவள் பொம்மையல்ல. ஹாலிவுட் வாங்குக்கு இந்த அளவு இடத்தை அதற்கு முன்னும் தரவில்லை, பின்னும் தரவில்லை. சீன விவசாயிகளின் கதையாக 1937-ல் வந்த ‘தி குட் எர்த்’ படத்தில் கதாநாயகி வேடம் அவருக்குப் போகாமல் லூயிஸ் ரெய்னருக்குப் போனது.

கலந்துரையாடல் வைத்தால் படம் முடிந்தபிறகு வையுங்கள். முன்கூட்டி நீண்ட எச்சரிக்கை உரை தந்தால் பார்வையாளர் குறை தேடும் கண்ணோடு உட்கார்ந்து, வாங்கின் முகத்தைப் பார்க்கத் தவறுவார்கள்.

கடைசியில் வருவது நீதிமன்ற விசாரணையா?

கொலை வழக்கு விசாரணை அல்ல அது. சந்தேக மரணம் என்றால், இறந்தவர் யார், எப்படி, எங்கே, எப்போது இறந்தார் என்று கண்டறிய மரண விசாரணை அதிகாரி நடத்தும் விசாரணை. அங்கே குற்றவாளிக் கூண்டு இல்லை, சாட்சிகள்தான் உண்டு. ஒவ்வொரு சாட்சியாகச் சொல்லச் சொல்லச் சந்தேகம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுகிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் குழப்பம் வராது.

இது மௌனப் படமா, பேசும் படமா? இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்களே?

மௌனப் படமாகவே எடுக்கப்பட்டது. வெளியான நேரத்தில் பேசும் படம் பெருகிவிட்டதால், 1929-லேயே இசையும் ஒலிகளும் சேர்த்த இன்னொரு வடிவம் தயாரானது. அதற்காகச் சுமார் ஐந்து நிமிட முன்காட்சி ஒன்றைப் பேச்சோடு எடுத்து ஒட்டினார்கள்: ஊரைவிட்டு ஒதுங்கி வாழும் வில்மட்டை ஒருவர் சந்திக்க, அவர் நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். இதை இணைப்பாகத் தரும் வட்டுகள் உண்டு. படத்துக்கு முன் போடாதீர்கள். யார் உயிரோடு மிஞ்சுவார் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். ஆர்வம் இருந்தால் பின்னர் தனியாகப் பார்க்கலாம்.

கறுப்பு வெள்ளைப் படம் என்றார்கள், எனக்கு ஆரஞ்சும் நீலமுமாகத் தெரிகிறதே?

கோளாறு இல்லை. மௌனப் படப் பிரதிகளைச் சாயத் தொட்டியில் நனைத்து நிறமேற்றுவது அன்றைய வழக்கம். உட்புறக் காட்சிக்குத் தேன் நிறம், இரவு வெளிப்புறத்துக்கு நீலம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2003-ல் செய்த மீட்டெடுப்பில் இந்த நிறங்கள் திரும்பியுள்ளன. டிவியிலோ புரொஜெக்டரிலோ நிறத்தைப் பூஜ்யமாக்கிப் ‘பழைய படம்’ ஆக்கிவிடாதீர்கள். ‘வார்ம்’ அமைப்பில் வைத்தால் தேன் நிறம் கரும்பழுப்பாகி முகங்கள் மங்கும். வெள்ளைத் திரைக்கு இயல்பு அமைப்பே சரி.

எந்தப் பிரதியைப் பார்க்கலாம்?

மீட்டெடுத்த பிரதியைத்தான். நீளம் 1 மணி 50 நிமிடத்தை ஒட்டியிருக்கும். இணையத்தில் அதைவிடக் குறைவாக ஓடும் பிரதி கிடைத்தால், ஒன்று வெட்டுப்பட்டது, அல்லது வேகம் கூட்டியது. வட்டு வாங்கும்போது மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5, பிரிட்டன் 2, அமெரிக்கா 1. ப்ளூரேயில் நாம் சி, பிரிட்டன் பி, அமெரிக்கா ஏ. பூட்டு நீக்கிய பிளேயர் இல்லாமல் லண்டனிலிருந்து வாங்கி வந்தால் ‘இந்த வட்டு இயங்காது’ என்ற செய்திதான் திரையில் வரும். திரையிடல் நாளன்று அரங்கில் உள்ள பிளேயரை நம்பாதீர்கள். வீட்டில் ஓடிய அதே பிளேயரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆட்கள் வேகமாக ஓடுவதுபோலத் தெரிந்தால்?

வேகம் தவறு. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். ஆயிரம் அடி என்றால் 16,000 பிரேம். அது நொடிக்கு 24 பிரேமில் 11 நிமிடம் 7 நொடி ஓடும். 20 பிரேமில் 13 நிமிடம் 20 நொடி. 16 பிரேமில் 16 நிமிடம் 40 நொடி. ஒரே சுருள், ஐந்தரை நிமிட வித்தியாசம். மெதுவாக எடுத்த படத்தை 24-ல் ஓட்டினால் எல்லோரும் பொம்மைபோல் துள்ளுவார்கள். வேகம் சரியா என்று பார்க்க நடப்பவர்களைப் பார்க்காதீர்கள், ஊற்றும் திரவத்தைப் பாருங்கள். மது கோப்பையில் இயல்பாக இறங்கினால் வேகம் சரி.

டிவியில் பார்த்தால் ‘மோஷன் ஸ்மூத்திங்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இல்லாத பிரேம்களை நடுவே செருகி, ஆட்டக் காட்சியில் கைகளைக் குழம்பாக்கும்.

புரொஜெக்டரில் போடும்போது என்ன தவறு அதிகம் நடக்கிறது?

படத்தை இழுத்துத் திரையை நிரப்புவது. இது 4:3 அளவிலான படம். 12 அடி அகலம், 6 அடி 9 அங்குல உயரம் உள்ள 16:9 திரையில் படம் 9 அடி அகலத்தில்தான் விழ வேண்டும். இருபுறமும் ஒன்றரை அடி காலியாக இருக்கும். அதை நிரப்ப இழுத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். பெரிதாக்கி நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும்: ஷோஷோவின் கூர்முடியும் கால்களும் போய்விடும். காலி இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் போதும், படம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்.

நேரடி இசை வைக்க விரும்புகிறோம். எப்படித் தயாராவது?

மீட்டெடுத்த பிரதிக்கு நீல் பிராண்ட் அமைத்த ஜாஸ் இசை இருக்கிறது, அதுவே போதுமானது. சொந்தமாக வாசிப்பதென்றால் முதலில் குறிப்புத்தாள் எழுதுங்கள். இடப்பக்கம் நிமிடம், நொடி. நடுவே திரையில் தெரிவது. வலப்பக்கம் தாளமும் வேகமும். திரையில் இசைக்குழு தெரியும் ஒவ்வொரு இடத்தையும் சிவப்பில் குறியுங்கள். அவர்கள் நிறுத்தும் கணத்தில் நீங்களும் நிறுத்தியாக வேண்டும். மற்ற இடங்களில் இரண்டு நொடி பிசகினாலும் யாருக்கும் தெரியாது.

வாசிப்பவரின் முகம் திரைப்பக்கம் இருக்கட்டும், அல்லது அவருக்கென்று தனியாக ஒரு சிறு திரை வையுங்கள். தாள் படிக்கத் தேன் நிறச் சிறு விளக்குப் போதும். வெள்ளை விளக்கு வைத்தால் அதன் பிரதிபலிப்பு திரையின் இருட்டுப் பகுதியை வெளிறச் செய்யும்.

முக்கியமான எச்சரிக்கை: ஷோஷோ ஆடும்போது ‘சீன மணம்’ வருவதற்காக ஐந்து சுரங்களை வைத்து டிங்கு டிங்கு என்று தட்டாதீர்கள். உடை செய்த தவறை இசையும் செய்ய வேண்டாம். பாத்திர அறை ஆட்டத்துக்கு மேல்மாடியின் பகட்டும் வேண்டாம். ஒரே வாத்தியம், தாழ்ந்த ஒலி, போதும். மேடையில் முதல் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு முழு மூச்சு அளவுக்கு அமைதி விடுங்கள். அரங்கில் இருமல்கூட நின்றுவிடும்.

ஒருவரே இடைவிடாமல் வாசிப்பது கைக்குக் கடினம். இடைவேளை தவிர்க்க முடியாது என்றால் அந்த முதல் மேடை ஆட்டம் முடிந்ததும் விடுங்கள். வேறு எங்கே விட்டாலும் ஒரு பார்வைப் பரிமாற்றம் நடுவில் அறுபடும்.

எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் எப்படித் தருவது?

இரண்டு வழி. ஒன்று சப்டைட்டில். அட்டை தோன்றியதும் தொடங்கி, அது மறையும் முன் முடிய வேண்டும். தமிழ் வாக்கியம் நீளும் என்பதால் சொல்லுக்குச் சொல் மாற்றினால் நேரம் போதாது. இரண்டு வரிக்கு மேல் போகாமல் கருத்தைச் சுருக்குங்கள். கோப்பை ‘யு.டி.எஃப்-8’ குறியீட்டில் சேமிக்காவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும். சில பழைய பிளேயர்கள் தமிழ் எழுத்தைக் கொம்பு வேறு மெய் வேறாகப் பிரித்துக் காட்டும். அப்படியானால் மடிக்கணினியிலிருந்து ஓட்டுங்கள்.

மற்றது அட்டைகளைத் தமிழில் உரக்க வாசிப்பவர். மௌனப் பட காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்கருகே நின்று கதை சொல்பவர்கள் இருந்தார்கள். அந்த முறை இந்தப் படத்துக்கு நன்றாகவே பொருந்தும். அட்டைகளுக்கு எண்ணிட்டுத் தமிழ் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அட்டை வந்து ஒரு நொடி கழித்து வாசிக்க வேண்டும். குரலை மாற்றி நடித்துக் காட்ட வேண்டாம். நடிப்பு ஏற்கெனவே திரையில் இருக்கிறது. முழுப் படத்தோடு இரண்டு முறையாவது ஒத்திகை பாருங்கள். அட்டை இல்லாத இடத்தில் விளக்கம் சொல்லும் ஆசை வாசிப்பவருக்கு வரும், அதைக் கட்டாயம் தடுக்க வேண்டும். பத்திரிகைச் செய்தி, கடிதம் போன்றவை திரையில் வந்தால் அவற்றுக்கும் எண் தேவை. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

திரையிட அனுமதி வேண்டுமா?

அமெரிக்காவில் இந்தப் படத்தின் பதிப்புரிமை 2025 ஜனவரி 1-ல் முடிந்தது. பிரிட்டனில் இயக்குநர் போன்ற முதன்மைப் படைப்பாளிகளில் கடைசியாக இறந்தவரின் மரணத்திலிருந்து 70 ஆண்டு கணக்கு. டூபாண்ட் இறந்தது 1956. ஆனால் புதிய இசைக்குத் தனி உரிமை உண்டு. வீட்டில் பார்க்க விற்கப்படும் வட்டு பொதுத் திரையிடலுக்கான அனுமதி அல்ல. ஆகவே வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதி, அரங்கின் இருக்கை எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம், தேதி மூன்றையும் சொல்லி அனுமதி கேளுங்கள்.

சிறுவர்களுக்குக் காட்டலாமா?

பதின்வயதினருக்குத் தாராளமாக. சிறு குழந்தைகளுக்கு அலுக்கும்.

இதற்குப் பிறகு என்ன பார்க்கலாம்?

டூபாண்டின் கேமரா பிடித்திருந்தால் ‘வாரியெட்டே’. கேபரே உலகம் பிடித்திருந்தால் ‘மூலான் ரூஜ்’. பெயரைப் பார்த்து 1952, 2001 படங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாங்கைத் தொடர விரும்பினால், ‘பிக்காடிலி’க்குச் சற்று முன் பெர்லினில் ரிச்சர்ட் ஐக்பெர்க் இயக்கிய ‘சாங்’ (1928), பிறகு அவர் பேசுவதைக் கேட்க ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ (1932). இரண்டுக்கும் நடுவே, 1929 மார்ச்சில், லண்டன் மேடையில் லாரன்ஸ் ஒலிவியரோடு ‘தி சர்க்கிள் ஆஃப் சாக்’ நாடகத்தில் நடித்தார். அவருடைய அமெரிக்க உச்சரிப்பை விமர்சகர்கள் குறை சொன்னார்கள். ஆசிரியர் வைத்துப் பேச்சுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ ரயில் பெட்டியில் மார்லீன் டீட்ரிச்சுக்கு எதிரே உட்கார்ந்து அவர் பேசும் தாழ்ந்த, நிதானமான குரல் அதற்குப் பிறகு வந்தது.